அறப்பணிப் பழைய நூல் விற்பனை

அறப்பணிப் பழைய நூல் விற்பனை என்பது பொதுமக்கள் படித்து முடித்த நூல்களைக் கொடையாகப் பெற்று, தன்னார்வலர்கள் அவற்றைத் தரம் பிரித்துக் குறைந்த விலையில் விற்று, கிடைக்கும் பணத்தை ஒரு பொதுநலப் பணிக்கு அளிக்கும் ஏற்பாடு ஆகும். தேவாலயக் கூடம், பள்ளி மைதானம், நூலக வளாகம் போன்ற இடங்களில் பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்கு இது நடைபெறுகிறது. சில நாடுகளில் ஆண்டு முழுவதும் இயங்கும் நிலையான கடைகளாகவும் இது வளர்ந்துள்ளது. நூலக வளர்ச்சி, பஞ்ச நிவாரணம், பள்ளிக் கல்வி, மருத்துவ உதவி, விலங்கு நலம் முதலிய பணிகளுக்கு இவ்வாறு பணம் திரட்டப்படுகிறது.

புதிய நூல்களைப் பதிப்பாளர்கள் விற்கும் புத்தகக் கண்காட்சியிலிருந்தும், இலாப நோக்கில் இயங்கும் பழைய புத்தகக் கடையிலிருந்தும், விலையின்றி நூல்களைத் திரட்டி வழங்கும் நூற்கொடை இயக்கத்திலிருந்தும் இது வேறுபட்டது. எனினும் நடைமுறையில் இவற்றுக்கு இடையிலான எல்லைக்கோடு அவ்வளவு தெளிவானதன்று.

இதன் பொருளியல் எளிமையானது. சரக்குக்கு விலை இல்லை, உழைப்புக்குக் கூலி இல்லை, இடத்துக்கு வாடகை பெரும்பாலும் இல்லை. ஆகவே விற்ற தொகையின் பெரும்பகுதி அப்படியே நற்பணிக்குச் சென்று சேர்கிறது. பணம் கொடுக்க இயலாதவர் நூல் கொடுக்கலாம்; நூலும் இல்லாதவர் ஒரு பிற்பகல் உழைப்பைக் கொடுக்கலாம்.

ஐக்கிய இராச்சியம்

இரண்டாம் உலகப் போரின்போது நாசி செருமனியின் ஆக்கிரமிப்பில் இருந்த கிரேக்க நாட்டில் பஞ்சம் ஏற்பட்டது. அம்மக்களுக்கு உதவ 1942இல் ஆக்சுபோர்டு நகரில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பின்னாளில் ஆக்சுபாம் எனப் பெயர் பெற்ற இக்குழு, 1940களின் இறுதியில் அந்நகரின் பிராட் வீதியில் கொடைப் பொருள்களை விற்கும் நிலையான கடையைத் திறந்தது. துணி, பாத்திரம், அணிகலன் ஆகியவற்றோடு நூல்களும் அங்கு விற்கப்பட்டன. நூல்களுக்கு மட்டுமான முதல் ஆக்சுபாம் கடை 1987இல் அதே நகரின் செயின்ட் கைல்சு வீதியில் தொடங்கப்பட்டது. பின்னர் இத்தகைய கடைகள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவின. ஐரோப்பாவில் பழைய நூல்களை மிகுதியாக விற்கும் நிறுவனமாக இன்று ஆக்சுபாம் கருதப்படுகிறது.

இவ்வளர்ச்சி அனைவருக்கும் உவப்பாக அமையவில்லை. கூலியும் கொள்முதல் செலவும் இல்லாத போட்டியாளரோடு ஈடுகொடுக்க முடியவில்லை எனச் சிறு பழைய நூல் வணிகர்கள் 2000களில் முறையிட்டனர். வீதிக் கடைகளின் நலிவுக்கு இணைய வணிகமும் கடை வாடகையுமே பெரிய காரணங்கள் என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. பிழைப்புக்காகப் பழைய நூல் விற்பவரும் ஒருவகையில் நூலைக் காப்பவரே என்பதை அறப்பணியாளர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

நிலையான கடையாக இன்றி ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் விற்பனைக்கு இசுக்கொட்லாந்தின் எடின்பரோ நகரம் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு ஜார்ஜ் வீதித் தேவாலயம் ஒன்றில் கிறிஸ்டியன் எய்டு என்னும் தொண்டு அமைப்புக்காக 1970களில் தொடங்கப்பட்ட நூல் விற்பனை, பல பத்தாண்டுகள் மே மாதந்தோறும் நடைபெற்று, மொத்தமாக 20 இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. தேவாலயத்தின் உள்ளும் வெளியேயும் மேசைகள் இடப்பட்டன. கதவு திறக்கும் முன்னரே வீதியில் வரிசை நின்றது.

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்காவில் இவ்விற்பனை பொது நூலகங்களோடு பின்னிப் பிணைந்தது. பெரும்பாலான ஊர்களில் நூலக நண்பர்கள் என்ற பெயரில் தன்னார்வக் குழு ஒன்று இயங்குகிறது. நூலகம் கழித்துவிடும் நூல்களையும், ஊரார் கொடுக்கும் நூல்களையும் இக்குழு ஒன்றாகச் சேர்த்து விற்கிறது. அரசு நிதியால் செய்ய இயலாத சிறு செலவுகளுக்கு, எடுத்துக்காட்டாகக் குழந்தைகளுக்கான கோடைகால வாசிப்பு நிகழ்ச்சிகளுக்கு, இப்பணம் பயன்படுகிறது.

நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரில் நடைபெறும் விற்பனை இவற்றுள் புகழ்பெற்றது. அங்கு விலை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே செல்லும். முதல் நாள் வருபவருக்குத் தேர்வு மிகுதி, கடைசி நாள் வருபவருக்கு விலை மலிவு. இறுதி நாளில் ஒரு பை நிறைய நூல்களைச் சொற்பத் தொகைக்கு அள்ளிச் செல்லலாம். எந்த நூலுக்கு எந்த விலை என்று ஒருவரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலமே விலையை முடிவு செய்கிறது. கணக்கில் நாட்டமுடையோர் இதனை விலை இறங்கும் ஏலத்தின் ஒரு வடிவமாகக் காணலாம்.

1948இல் நிறுவப்பட்ட பிராண்டைசு பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு உதவவென்று அதே ஆண்டு தேசிய மகளிர் குழு ஒன்று உருவானது. இக்குழுவின் சிகாகோ வட்டாரக் கிளை, வணிக வளாகம் ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் பெருங்கூடாரங்கள் அமைத்து ஆண்டுதோறும் பழைய நூல்களை விற்றது. புதிதாகத் தோன்றிய ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகம், எங்கோ தொலைவில் உள்ள இல்லத்தரசிகள் அட்டைப்பெட்டிகளைச் சுமந்ததால் வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆத்திரேலியாவும் நியூசிலாந்தும்

தற்கொலை எண்ணத்தில் தவிப்போருக்குத் தொலைபேசி வழி ஆறுதல் அளிக்கும் லைப்லைன் அமைப்பு 1963இல் சிட்னியில் தொடங்கப்பட்டது. பிரிஸ்பேன் நகரில் இவ்வமைப்பு நடத்தும் புக்பெஸ்ட் என்னும் விற்பனை உலகின் மிகப் பெரிய பழைய நூல் விற்பனைகளுள் ஒன்றாகும். நியூசிலாந்தின் டனீடன் நகரில் ரீஜன்ட் அரங்கத்தின் பராமரிப்புக்காக நடைபெறும் விற்பனை 24 மணி நேரமும் தொடர்ந்து நடப்பதால் பெயர் பெற்றது. நள்ளிரவில் மாணவர்கள் கூட்டமாக வந்து நூல் வாங்குவது அங்கு வழக்கம்.

நடைமுறை

வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது மேசையில் நூல்களை அடுக்கி விற்கும் எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் விற்பனை நாள் என்பது பல வார உழைப்பின் கடைசிப் படி மட்டுமே.

முதல் சிக்கல் வரவு. நூல் கொடுங்கள் என்று அறிவித்தவுடன் பலர் வீட்டைக் காலி செய்யும் மனநிலையில் வருகின்றனர். காலாவதியான வரிச் சட்டக் கையேடு, பாடத்திட்டம் மாறிப்போன பாடநூல், அரைகுறைக் கலைக்களஞ்சியத் தொகுதி, பழைய தொலைபேசி விவரத் திரட்டு ஆகியவை எங்கும் வந்து குவியும். கொடை என்ற பெயரில் வந்ததைக் கொடுத்தவரின் கண்முன்னே மறுப்பது எளிதன்று. ஆகவே எவற்றை ஏற்பதில்லை என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுவது அனுபவமுள்ள குழுக்களின் வழக்கம்.

அடுத்தது தரம் பிரித்தல். ஈரம் பட்டவை, பூஞ்சை பிடித்தவை, இராமபாணப் பூச்சி துளைத்தவை, செல்லரித்தவை ஆகியவை உடனே விலக்கப்பட வேண்டும். பூஞ்சை பிடித்த ஒரு நூல் மூடிய பெட்டிக்குள் மற்ற நூல்களையும் கெடுத்துவிடும். எஞ்சியவை மொழி, பொருள், வயது வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. நூல்களின் பக்கங்களுக்கு இடையே இருப்பவற்றைப் பார்ப்பதும் இவ்வேளையில்தான். கடிதம், புகைப்படம், பணத்தாள், பேருந்துச் சீட்டு, காய்ந்த மலர் என எதுவும் இருக்கலாம். உரியவரைக் கண்டறிய முடிந்தால் திருப்பித் தருவதே முறை.

விலையிடலில் இரு போக்குகள் உண்டு. தாளட்டை நூலுக்கு ஒரு விலை, கெட்டி அட்டை நூலுக்கு ஒரு விலை எனச் சீராக வைப்பது ஒன்று. ஒவ்வொரு நூலையும் மதிப்பிட்டு உட்புறம் பென்சிலால் விலை எழுதுவது மற்றொன்று. பேனாவால் எழுதுவதும், பிசினுள்ள விலைச் சீட்டை அட்டை மேல் ஒட்டுவதும் நூலைக் கெடுக்கும். எடைக்கு விற்கும் முறையும் அண்மைக்காலத்தில் இந்திய நகரங்களில் பரவியுள்ளது. ஆனால் எடையால் அளக்கும்போது அகராதிக்கு அதிக விலையும் கவிதைத் தொகுப்புக்குச் சொற்ப விலையும் வந்து சேரும்.

கைபேசிகளின் பரவலால் புதிய சிக்கல் ஒன்றும் தோன்றியது. நூலின் பின்னட்டையில் உள்ள பட்டைக்குறியீட்டை வருடினால் இணையச் சந்தையில் அதன் விலை தெரிந்துவிடும். வணிகர்கள் முதல் மணி நேரத்திலேயே மேசைகளை முற்றுகையிட்டு, இலாபம் தருவனவற்றை மட்டும் அள்ளிச் செல்வதாகப் பல ஊர்களில் வாசகர்கள் வருந்தியதுண்டு. சில விற்பனைகளில் வருடும் கருவிகள் தடை செய்யப்பட்டன. வேறு சிலவற்றில் வணிகர்களுக்கென்றே தனிக் கட்டணத்துடன் முன்நுழைவு வழங்கப்பட்டது. பன்னாட்டுத் தர நூல் எண் முறை 1970இல்தான் பன்னாட்டுத் தரமானது என்பதால், அதற்கு முற்பட்ட நூல்களை மதிப்பிட இன்றும் மனிதக் கண்ணே வேண்டும்.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் பழைய நூல் வணிகம் செழிப்பானது. அறப்பணி விற்பனையோ அரிதானது. கொல்கத்தாவின் கல்லூரிச் சாலை, 2019இல் மகிளா ஹாட் வளாகத்துக்கு இடம் மாற்றப்பட்ட தில்லி தரியாகஞ்சு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஆகியன நாடறிந்தவை. சென்னையில் 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் பல தலைமுறை வாசகர்களுக்குக் கல்விச்சாலையாக விளங்கியது. 1985 மே 30 அன்று அது தீக்கிரையானது. அவ்விடத்தில் இன்று புறநகர்த் தொடருந்து நிலையம் உள்ளது. திருவல்லிக்கேணி நடைபாதைகளும் கோயம்புத்தூர் உக்கடம் கடைகளும் அம்மரபைத் தொடர்ந்தன.

அறப்பணி விற்பனை இங்கு வேரூன்றாததற்கு முதன்மையான காரணம் பழைய பேப்பர் கடையாகும். மேலை நாட்டுக் குடும்பத்துக்குப் படித்த நூல் என்பது இடத்தை அடைக்கும் சுமை. எடுத்துக்கொண்டு போனால் போதும். தமிழகக் குடும்பத்துக்கோ அது கிலோவுக்கு இவ்வளவு என்று காசாகும் பொருள். நூலைக் காலால் தீண்டினால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்கள், சரசுவதி பூசையன்று நூலுக்குச் சந்தனம் குங்குமம் இடும் மக்கள், அதே நூலைத் தராசில் ஏற்றவும் தயங்குவதில்லை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட காலத்தோடு ஒப்பிட்டால் தராசு மேல் எனலாம். தராசிலிருந்து நூலை மீட்டு வாசகனுக்கு விற்பவராவது இடையில் இருக்கிறார்.

இரண்டாவது காரணம் நூலக நிருவாகம். அமெரிக்க நூலகம் போல இங்கு அரசு நூலகம் தான் கழித்த நூல்களை எளிதில் விற்றுவிட முடியாது. நூல்கள் இருப்புப் பதிவேட்டில் உள்ள அரசு உடைமை. நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், புழங்கும் 1000 நூல்களுக்கு ஆண்டுக்கு 5 நூல்கள் தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. ஆயினும் 1000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ, விலை எதுவாயினும் அரிய நூலோ தொலைந்தால் விசாரணை கட்டாயம். தணிக்கைக்கு அஞ்சும் நூலகர் கழிப்பதையே தள்ளிப்போடுவார். நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிரி என்ற கருத்தைத் தம் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931இல் வெளியிட்ட சீர்காழி இரா. அரங்கநாதன் பிறந்த மண்ணில் இந்நிலை நிலவுவது முரணே. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டதும், சொத்து வரியோடு நூலக வரி வாங்கப்படுவதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. நூலகத்துக்கு ஏற்கெனவே வரி செலுத்தும் குடிமகன், அதற்காக மீண்டும் ஏன் நூல் விற்க வேண்டும் எனக் கேட்பதிலும் நியாயம் உண்டு.

விற்பனையாக இன்றிக் கொடையாக நூல் திரட்டும் முயற்சிகள் பல உள்ளன. 1999இல் தொடங்கப்பட்ட கூஞ்ச் அமைப்பு துணிகளோடு பள்ளி நூல்களையும் திரட்டுகிறது. 2023ஆம் ஆண்டுச் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் சிறைத்துறை, சிறைவாசிகளுக்காகக் கூண்டுக்குள் வானம் என்ற பெயரில் அரங்கு அமைத்து வாசகர்களிடம் நூல்களைப் பெற்றது.

நீலகிரி

தமிழ்நாட்டில் அறப்பணி நூல் விற்பனைக்கு மிகவும் ஏற்ற மண் நீலகிரி மாவட்டமாகும். இதற்கான காரணங்கள் வரலாற்றில் உள்ளன. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதற்குப் பின், உதகமண்டலம் படிப்படியாகச் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரானது. அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் ஓய்வு பெற்ற படையினரும் பாதிரிமார்களும் பெட்டி பெட்டியாக நூல்களோடு மலையேறினர். இறங்கும்போது எல்லாவற்றையும் எடுத்துச் செல்லவில்லை.

இந்நூல் வாழ்வின் மையமாக இருப்பது 1859இல் தோன்றிய நீலகிரி நூலகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த இராபர்ட் சிசோம் இதன் கட்டடத்தையும் வடிவமைத்தார். கோதிக் பாணியிலான அச்செங்கற் கட்டடம் 1860களின் இறுதியில் எழுந்தது. இது அரசு நூலகமன்று. உறுப்பினர் சந்தாவால் இயங்குவது. ஊட்டி இலக்கிய விழாவும் இவ்வளாகத்தில் நடந்துள்ளது. 1858இல் தொடங்கப்பட்ட லவ்டேல் லாரன்சு பள்ளி, 1874இல் தோன்றிய பிரீக்சு நினைவுப் பள்ளி முதலியவற்றோடு உறைவிடப் பள்ளிகள் பலவும் மாவட்டத்தில் உள்ளன. ஆண்டுதோறும் மாணவர்கள் படித்து முடித்து வெளியேறுகின்றனர். வெலிங்டனில் 1947 முதல் செயல்படும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் முப்படை அதிகாரிகள் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பயின்று, குடும்பத்தோடு வேறிடம் செல்கின்றனர். தேயிலைத் தோட்டப் பங்களாவில் மேலாளர் மாறினாலும், முதியவர் ஒருவர் மறைந்து வீடு விற்கப்பட்டாலும் ஓர் அலமாரி காலியாகும். மலைநகரங்களில் நூல் வரத்து ஓய்வதில்லை.

வரத்துக்கு எதிரி வானிலை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளை வடகிழக்குப் பருவமழை நனைக்கிறது. உதகமண்டலத்துக்கு இரண்டிலும் பங்குண்டு. மாதக்கணக்கில் காற்றில் ஈரம் இருப்பதால் சுவரை ஒட்டிய அலமாரிகளில் பூஞ்சை பிடிக்கும். கொடையாக வரும் பெட்டிகளைத் திறந்த நாளிலேயே பிரித்து, வெயிலில் அல்லாது காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டியது இங்கு கட்டாயம். ஏட்டுச்சுவடிகளுக்கு வசம்பு வைத்த முன்னோரின் முறையும், இன்றைய அந்துருண்டையும் பூச்சியை ஓரளவு விரட்டும், ஈரத்தை விரட்டா. விற்பனைக்கான காலத்தையும் மழையே முடிவு செய்கிறது. சனவரி வறண்டது, ஆனால் உறைபனியில் கூட்டம் வராது. உதகமண்டலத் தாவரவியல் பூங்காவில் மலர்க் காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சியும் நடைபெறும் மே மாதத்தில் மலை நிறைய மனிதர்கள் இருப்பர். வாங்கிய நூலைச் சுமக்கத் துணிப்பை கொண்டு வருவது நல்லது; தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னரே நெகிழிப் பைகளைத் தடை செய்த மாவட்டம் இது.

இம்மாவட்டத்தில் இத்தகைய விற்பனையின் உண்மையான சிக்கல் வேறு. மேசைக்கு வரும் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பவை. மலையில் வாழ்வோரின் மொழிகளோ தமிழ், படுகம், மலையாளம், கன்னடம், தோடம், கோத்தம், இருளம், குறும்பர் மொழிகள் எனப் பல. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் டேன்டீ என்ற கழகமான அத்தோட்டங்களின் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலத் துப்பறியும் புதினத்தால் பயன் சிறிது. எனவே ஆங்கில நூல்களை அப்படியே தோட்டப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கொடை முடிந்தது எனக் கொள்வதைக் காட்டிலும், அவற்றை வாங்க வல்லவருக்கு விற்று, அப்பணத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்களைப் புதிதாக வாங்கித் தருவதே பொருத்தமானது. கொடையைவிட விற்பனை மேலாக அமையும் இடங்களுள் இது ஒன்று. சுற்றுலாப் பயணி கொடுக்கும் 50 ரூபாய், அவர் அறியாமலேயே மொழி மாறி ஒரு பிள்ளையின் கைக்குப் போகிறது.

அரிய நூல்கள்

அலமாரி காலியாகும்போது வெளிவருபவை எல்லாம் துப்பறியும் புதினங்கள் அல்ல. நீலகிரியைப் பற்றிய அடிப்படை நூல்கள் பல 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் அச்சாகி, பழைய வீடுகளில் தங்கியிருப்பவை. ரிச்சர்டு பர்ட்டன் 1851இல் வெளியிட்ட பயண நூல், மாவட்டத்தின் முதல் ஆணையர் பிரீக்சு பழங்குடிகள் பற்றியும் தொல்லியல் சின்னங்கள் பற்றியும் எழுதி 1873இல் வெளிவந்த நூல், கிரிக் தொகுத்த 1880ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு, தோடர்களைப் பற்றி ரிவர்சு எழுதிய 1906ஆம் ஆண்டு ஆய்வு, பிரெடெரிக் பிரைசின் உதகமண்டல வரலாறும் பிரான்சிசின் மாவட்ட விவரச்சுவடியும் (இரண்டும் 1908) ஆகியவற்றின் முதற்பதிப்புகள் இவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்று முகப்பட்டை கிழிந்த நிலையில் சீர் விலை மேசைக்கு வந்தால், அதனை அறியும் கண் ஒன்று அங்கு இருந்தாக வேண்டும்.

அறிந்தபின் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏலத்தில் விற்றால் நற்பணிக்குப் பெருந்தொகை கிடைக்கும். நூல் வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் போய்விடக்கூடும். உள்ளூர் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ அளித்தால் பணம் இல்லை. நூல் மலையிலேயே தங்கும். நூல் கொடுத்தவர் நற்பணிக்கென்று கொடுத்தாரா, நூல் வாழ வேண்டுமென்று கொடுத்தாரா என்று அவரைக் கேட்பதே முறையான வழி. பெறும்போதே கொடைச் சீட்டில் இக்கேள்வியைச் சேர்த்துவிட்டால் பின்னர் மனக்கசப்பு எழாது. இதற்கு முன், பின்னக்கணினியில் படியெடுத்து வைப்பதால் இரு பயன்களையும் ஓரளவு பெறலாம். பதிப்புரிமை முடிந்த நூல்களுக்கு இதில் சட்டத் தடையும் இல்லை.

தமிழ் நூல்களின் நிலை இதைவிட நெருக்கடியானது. ஆங்கில நூலின் வேறு படி உலகில் எங்கேனும் இருக்கும். குஜிலிக்கடைப் பாட்டுப் புத்தகம், நாடகத் துண்டறிக்கை, ஊர்ச் சங்க ஆண்டு மலர் போன்றவற்றுக்கு அந்த உறுதி இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, பிறர் கழித்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 1 இலட்சம் நூல்களையும் இதழ்களையும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பழைய நூலைத் தேடும் ஒரு மனிதர் இல்லாதிருந்தால் அவற்றில் பெரும்பகுதி கூழாகியிருக்கும்.

யாழ்ப்பாண அனுபவம்

நூலுக்காக ஊர் கூடிப் பணம் திரட்டுவதில் தமிழ்ச் சமூகத்தின் மிகப் பெரிய அனுபவம் யாழ்ப்பாணத்தினுடையது. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூற்சேகரமே பின்னாளில் யாழ்ப்பாணப் பொது நூலகமானது. நிலையான கட்டடத்துக்காக 1950களின் தொடக்கத்தில் களியாட்ட விழாவும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்திப் பணம் சேர்க்கப்பட்டது. 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டு, 1959இல் நூலகம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் எரிக்கப்பட்டன. 1990களின் பிற்பகுதியில், மீள்கட்டுமானத்துக்கென வெண்தாமரை இயக்கம் நாடு முழுவதும் புத்தகமும் செங்கல்லும் திரட்டியது. எரித்ததற்குப் பொறுப்புக் கூறாமல் செங்கல் கொடுப்பதா என்று ஐயுற்றோரும் இருந்தனர். நூலகம் 2003இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. கொடையாக வரும் நூல்களால் அலமாரியை நிரப்பலாம்; எரிந்த சுவடிகள் பலவற்றுக்கு மாற்றுப் படி இல்லை.

சட்டமும் வரியும்

ஒருமுறை முறைப்படி விற்கப்பட்ட நூலின் படியை மறுபடி விற்கப் பதிப்பாளரின் இசைவு தேவையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளுக்கு அளிக்கவில்லை. ஆகவே பழைய நூல் விற்பனையில் எழுத்தாளருக்கு உரிமைத்தொகை கிடையாது. எழுத்தாளரின் மூலக் கையெழுத்துப்படி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் மட்டும் அவருக்குப் பங்கு கோரும் உரிமை உண்டு.

அச்சிட்ட நூல்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. வருமான வரிச் சலுகையைப் பொறுத்தவரை, பணமாகத் தரும் நன்கொடைக்கே கழிவு உண்டு. நூல் கொடுத்தவர் அதன் மதிப்புக்குக் கழிவு கோர இயலாது. வாங்குபவர் கொடுப்பதும் பொருளின் விலையே அன்றி நன்கொடை அன்று. ஐக்கிய இராச்சியத்தில் நிலை வேறு. அங்கு நூல் கொடுத்தவர் வரி செலுத்துபவராயின், அவர் சார்பில் விற்றதாகக் கொண்டு, விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்சு அரசிடமிருந்து தொண்டு நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது.

விற்காத நூல்கள்

எந்த விற்பனையிலும் கணிசமான நூல்கள் மிஞ்சும். அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பது பார்வைக்குச் சிக்கனமாகத் தோன்றினாலும், ஒருமுறை விற்காதது மறுமுறையும் பெரும்பாலும் விற்பதில்லை. கிடங்கு வாடகையும் பூஞ்சையும் மிச்சம். எனவே பெரும்பாலான குழுக்கள் கடைசி நாளன்றே கூடத்தைக் காலி செய்துவிடுகின்றன. சிறைச்சாலை, முதியோர் இல்லம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை ஆகியவற்றுக்கு முன்னுரிமை அளிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2002இல் தொடங்கப்பட்ட பெட்டர் வேர்ல்டு புக்ஸ் போன்ற நிறுவனங்கள் எஞ்சியவற்றை மொத்தமாகப் பெற்று இணையத்தில் விற்று, ஒரு பங்கை எழுத்தறிவுப் பணிகளுக்குத் தருகின்றன. இந்நிறுவனத்தை 2019இல் இணைய ஆவணக் காப்பகத்தோடு தொடர்புடைய இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று வாங்கியது. விற்காத நூல்களுள் காப்பகத்தில் இல்லாதவற்றை மின்படியாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

எதற்கும் உதவாதவை தாள் ஆலைக்குச் செல்கின்றன. தாளட்டை நூல்களை அப்படியே போடலாம். கெட்டி அட்டை நூல்களுக்கு அட்டையையும் முதுகுத் துணியையும் கையால் கிழித்தெடுத்த பின்னரே தாள் நல்ல விலைக்குப் போகும். தன்னார்வலர்கள் மிகவும் தயங்கும் வேலை இதுவே என்பதால், பல குழுக்கள் இதனைப் பழைய பேப்பர் வணிகரிடமே விட்டுவிடுகின்றன.